ஒரு பென்னி வரி

(ஊர் நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நகராட்சி வருவாய்ப் பிரிவில் பில் கலெக்டராகச் சேர்ந்து, அதே பிரிவில் ஓய்வு பெற்றவன் நான். முப்பது வருடத்துக்கு மேல் ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். கேட்பு, வசூல், நிலுவை என்ற மூன்று பத்திகளுக்குள் ஊரையே அடக்கிப் பார்த்துப் பழகிய கண் என்னுடையது. அதனால் இன்றைய பேச்சிலும் கணக்கு கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், கணக்கு புரிந்தால்தான் கதை புரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஓட்டு வீட்டுத் திண்ணையில் இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அம்மாவிடம் வரி கேட்டுப் போனேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, எண்ணிக் கையில் கொடுத்துவிட்டு, "எங்க தெருவுக்கு வெளக்கும் இல்ல, சாக்கடையும் இல்ல. இந்தக் காசெல்லாம் எங்க தம்பி போகுது?" என்று கேட்டார். விதியில் படித்ததை ஒப்பித்துவிட்டு வந்தேன். அந்தப் பதில் அவருக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. பல வருடங்கள் கழித்து, இதே மாதிரி ஒரு நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் பாப்லர் என்ற ஊரின் வரலாற்றைப் படித்தபோது, அந்த அம்மாவின் கேள்வியை ஒரு நகர மன்றம் முழுவதும் எழுந்து நின்று கேட்டிருக்கிறது என்று தெரிந்தது. கேட்டதற்காக 30 கவுன்சிலர்கள் சிறைக்குப் போனார்கள். 1921ஆம் ஆண்டு, லண்டனில்.

பாப்லர் கிழக்கு லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் இருக்கிறது. அந்தக் காலத்தில் லண்டன் மாநகரம் 28 பரோக்களாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு பரோவுக்கும் ஒரு மன்றம், ஒரு மேயர். பாப்லர் பரோவில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் வசித்தார்கள். பிழைப்பு துறைமுகத்தை நம்பி. அந்த ஊரின் பெரிய சாலைக்குப் பெயர் ஈஸ்ட் இந்தியா டாக் ரோடு. நம்மை ஆண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்காகக் கட்டப்பட்ட துறை அங்கேதான் இருந்தது. இந்தியச் சரக்கு மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய இடம். அந்த மூட்டைகளைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

துறைமுக வேலை என்றால் மாதச் சம்பளம் கிடையாது. காலையில் வாயிற்கதவுக்கு முன்னால் கூட்டமாக நிற்க வேண்டும். மேஸ்திரி வந்து, நீ வா, நீ வா என்று கைகாட்டுவார். கைகாட்டப்படாதவர் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். நம் ஊரில் விடிகாலையில் சித்தாள், கொத்தனார் நிற்கும் முச்சந்தியைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 1889இல் பெரிய வேலைநிறுத்தம் நடத்தி, மணிக்கு ஆறு பென்ஸ் கூலி வாங்கினார்கள். ஆனால் நிற்பதும் கைகாட்டுவதும் மாறவில்லை.

இப்படிப்பட்ட ஊரின் மன்றத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? இங்கேதான் உள்ளாட்சிக் கட்சி அரசியல் வருகிறது. லண்டன் முழுமைக்கும் பொதுவான லண்டன் கவுண்டி கவுன்சில் 1889இல் தொடங்கியது. நாடாளுமன்றத்தில் லிபரல் என்று நின்றவர்கள் இங்கே முற்போக்காளர் என்று நின்றார்கள். கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர்கள் மிதவாதி என்று நின்றார்கள், பிறகு நகராட்சிச் சீர்திருத்தக் கட்சி என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். ஊராட்சியில் அரசியல் இல்லை என்று சொல்லிக்கொண்டே அரசியல் செய்வதற்கு இந்த மாற்றுப் பெயர்கள் உதவின. 1907 தேர்தலில் சீர்திருத்தக் கட்சியின் ஒரு சுவரொட்டி லண்டனெங்கும் ஒட்டப்பட்டது. பார்ப்பவரை நோக்கி விரல் நீட்டும் ஒரு கடுகடுத்த முகம், கீழே 'எங்களுக்கு வேண்டியது உங்கள் பணம்' என்ற வாசகம். எதிர்க்கட்சி உங்களிடம் சொல்வது இதுதான் என்று வரி கட்டுகிறவரைப் பயமுறுத்துவது அதன் நோக்கம். அந்தத் தேர்தலில் ஜெயித்த கட்சி 1934 வரை கவுண்டி கவுன்சிலை விடவில்லை. பாப்லரிலும் தொழிலதிபர்களும் கடைக்காரர்களும் சேர்ந்த 'நகராட்சிக் கூட்டணி' என்ற அணி இருந்தது. அதன் கொள்கை ஒன்றே ஒன்று: வரி ஏறக் கூடாது.

வரி ஏறக் கூடாது என்பது கெட்ட கொள்கை இல்லை. வரி கேட்டுப் போன எனக்கு அது தெரியும். ஆனால் எந்தச் செலவைக் குறைத்து வரியைக் குறைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அதைப் பார்த்துக் கேட்கக்கூடியவர்களிடம் வாக்கு வரவே வெகு காலம் ஆயிற்று. உள்ளாட்சி வாக்கு அங்கே வீட்டோடு ஒட்டியது. வீடு பிடித்து, வரிக்கு உட்பட்டு இருப்பவருக்கே வாக்கு. 1907இல் வந்த சட்டத்தால்தான் பெண்கள் பரோ மன்றங்களில் உறுப்பினராக முடிந்தது. 1918ஆம் ஆண்டுச் சட்டம், குடியிருப்பவர்களின் மனைவிகளில் முப்பது வயது நிறைந்தவர்களுக்கும் உள்ளாட்சி வாக்குக் கொடுத்து, பட்டியலைப் பெரிதாக்கியது. உலகப் போரால் தள்ளிப்போன பரோ தேர்தல் 1919 நவம்பரில் நடந்தது. 1912க்குப் பிறகு அதுதான் முதல் தேர்தல். பாப்லரில் 42 இடங்களில் 39ஐத் தொழிற்கட்சி பிடித்தது.

உள்ளே வந்தவர்கள் துறைமுகத் தொழிலாளர்கள், ரயில்வே தொழிலாளர்கள், கூலிக்காரர்கள், வீட்டுப் பெண்கள். மேயராக வந்தவர் ஜார்ஜ் லான்ஸ்பரி. அப்போது அவருக்கு அறுபது வயது. மரம் அறுக்கும் தொழிலில் இருந்தவர். 1890களிலிருந்தே அந்த ஊரின் ஏழைகள் காப்பு வாரியத்தில் உட்கார்ந்து, ஏழைகள் விடுதிக் கஞ்சியில் எலிப் புழுக்கை கிடந்ததைக் கண்டு சண்டை போட்டவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தபோது, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு 1912இல் பதவியைத் துறந்து இடைத்தேர்தலில் நின்று தோற்றவர். அவருக்குச் சென்னையோடும் ஓர் உறவு உண்டு. அடையாறு பிரம்மஞான சபையின் அன்னி பெசன்ட் அவருடைய தோழர். பெசன்ட் முன்னின்று தயாரித்த இந்தியத் தன்னாட்சி மசோதாவை 1925இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்தவர் இந்த லான்ஸ்பரிதான். அது நிறைவேறவில்லை.

புதிய மன்றம் வீடு கட்டியது, குளியல் கூடங்களையும் நூலகங்களையும் கவனித்தது, தாய்சேய் நலத்துக்குச் செலவிட்டது. இவற்றை வேகமாகத் தாண்டிப் போகிறேன், ஒன்றைத் தவிர. 1920இல் மன்றத்தின் எந்த ஊழியருக்கும் வாரச் சம்பளம் நான்கு பவுனுக்குக் குறையக் கூடாது என்று தீர்மானித்தார்கள். ஆணுக்கும் நான்கு பவுன், பெண்ணுக்கும் அதே நான்கு பவுன். நூறு வருடத்துக்கு முன்னால், ஒரே வேலைக்குப் பெண்ணுக்குப் பாதிக் கூலி என்பதே நியாயமாகக் கருதப்பட்ட காலத்தில், மன்றக் கட்டிடத்தைக் கழுவித் துடைத்த பெண்ணின் சம்பளம் ஒரே தீர்மானத்தில் ஆணின் சம்பளத்துக்குச் சமமாயிற்று. நகராட்சியில் தூய்மைப் பணியாளர்களோடு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஒரு வரியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

1920 கடைசியில் வியாபாரம் படுத்தது. கப்பல் வரத்துக் குறைந்தது. வாயிற்கதவுக்கு முன்னால் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். வேலையின்மைக் காப்பீடு சில வாரங்கள் வரும், பிறகு நின்றுவிடும். நின்றபின் போய்ச் சேரும் இடம் ஏழைகள் காப்பு வாரியம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன்.

நான் வசூலித்த காலத்துச் சொத்து வரி போலவே அங்கும் வீட்டின் ஆண்டு வாடகை மதிப்பை வைத்துத்தான் வரி. அந்த மதிப்பில் ஒரு பவுனுக்கு இத்தனை ஷில்லிங், இத்தனை பென்னி என்று மன்றம் விதிக்கும். ஒரு பவுனுக்கு அன்று 240 பென்னி. பவுனுக்கு ஒரு பென்னி வீதம் வரி போட்டால் ஒரு பரோவுக்கு எவ்வளவு கிடைக்கும்? பணக்காரர்களும் பெரிய கம்பெனிகளும் இருந்த வெஸ்ட்மின்ஸ்டரில் 31,719 பவுன் கிடைக்கும். பாப்லரில் அதே ஒரு பென்னி வரியில் 3,643 பவுன்தான் கிடைக்கும். அதாவது வெஸ்ட்மின்ஸ்டர் ஒரு பென்னியில் திரட்டுவதைத் திரட்ட, பாப்லர் கிட்டத்தட்ட ஒன்பது பென்னி போட வேண்டும். போட வேண்டியது யார்மேல்? வேலை இல்லாதவர்கள் குடியிருக்கும் வீடுகள்மேல்.

அதோடு முடியவில்லை. ஏழைகளைக் காக்கும் செலவு அந்தந்த ஊர்க்காரரின் தலையில்தான். வேலையற்றவர்கள் நிறைந்த ஊரில் செலவு அதிகம், வரவு குறைவு. பணக்கார ஊரில் செலவே இல்லை, வரவு கொட்டும். 1867லேயே லண்டன் முழுமைக்கும் ஒரு பொது ஏழைகள் நிதி ஏற்படுத்தியிருந்தார்கள். ஆனால் அதில் ஒரு கண்ணி இருந்தது. குடும்பத்தைக் கலைத்து, ஆணை ஒரு பக்கமும் பெண்ணை ஒரு பக்கமும் விடுதியில் அடைத்தால் அந்தச் செலவில் பொது நிதி பங்கு கொடுக்கும். வீட்டிலேயே இருக்கவிட்டு, வாரத்துக்கு இவ்வளவு என்று உதவித்தொகை கொடுத்தால் பொது நிதியிலிருந்து காசு வராது. பாப்லரின் காப்பு வாரியம் ஆயிரக்கணக்கான குடும்பங்களை விடுதிக்கு அனுப்ப மறுத்தது. வீட்டு உதவியே கொடுத்தது. முழுச் செலவும் பாப்லரின் வரியில் விழுந்தது.

அந்த வரி முழுக்கப் பாப்லருக்கும் இல்லை. இதை விளக்க வெகுதூரம் போக வேண்டாம், இந்த நூலகமே போதும். நீங்கள் கட்டும் வீட்டுவரி ரசீதில் நூலக வரி என்று ஒரு வரிசை இருக்கும். 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்தது அது. அதை நகராட்சி வசூலிக்கிறது, ஆனால் அது நகராட்சியின் பணம் இல்லை. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். அதே மாதிரி பாப்லர் மன்றம் தன் வரியோடு சேர்த்து நான்கு மேலமைப்புகளுக்கும் வசூலித்துக் கொடுக்க வேண்டும்: லண்டன் கவுண்டி கவுன்சில், பெருநகரக் காவல் துறை, மருத்துவமனைகளை நடத்திய பெருநகர அசைலம் வாரியம், குடிநீர் வாரியம்.

1921 மார்ச்சில் பாப்லர் மன்றம் முடிவெடுத்தது. எங்கள் ஊர்ச் செலவுக்கும் எங்கள் ஏழைகளுக்கும் வேண்டிய வரியைப் போடுவோம். அந்த நான்கு அமைப்புகளுக்கான பங்கைப் போட மாட்டோம், வசூலிக்கவும் மாட்டோம். ஏழைகளைக் காக்கும் செலவை லண்டன் முழுவதும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும் வரை இப்படித்தான்.

கவனியுங்கள், அந்த நான்கு அமைப்புகள் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. மருத்துவமனைக்கும் தண்ணீருக்கும் பணம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாதா? அவர்கள் கையில் இருந்த ஒரே நெம்புகோல் அது. மனு கொடுத்துப் பார்த்துவிட்டார்கள், தூது போய்ப் பார்த்துவிட்டார்கள். வருடக்கணக்கில் ஒன்றும் நகரவில்லை.

கவுண்டி கவுன்சிலும் அசைலம் வாரியமும் வழக்குப் போட்டன. 1921 ஜூலை 29. கவுன்சிலர்கள் நீதிமன்றத்துக்கு வண்டியில் போகவில்லை, ஊரிலிருந்து நடந்தே போனார்கள். முன்னால் மன்றத்தின் செங்கோல் தாங்கி, அடுத்து பதவிச் சங்கிலி அணிந்த, அந்த ஆண்டின் மேயர் சாம் மார்ச், பின்னால் கவுன்சிலர்கள், அவர்களுக்குப் பின்னால் ஊர். தூக்கிப் பிடித்த துணிப் பதாகையில், பாப்லர் பரோ மன்றம் உயர் நீதிமன்றத்துக்கு நடக்கிறது, ஒருவேளை சிறைக்கும், என்று எழுதியிருந்தது. நீதிமன்றம் பங்கைக் கட்டச் சொல்லி ஆணையிட்டது. கட்ட மறுத்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் கைதுகள் நடந்தன. 25 ஆண்கள் பிரிக்ஸ்டன் சிறைக்கும், 5 பெண்கள் ஹாலோவே சிறைக்கும் போனார்கள். எத்தனை நாள் என்று தண்டனை குறிக்கப்படவில்லை. பணியும் வரை.

அந்த ஐந்து பெண்களையும் பெயர் சொல்லி நினைக்க விரும்புகிறேன். ஜூலியா ஸ்கர், ஜென்னி மெக்கே, நெல்லி கிரெஸ்ஸல், மின்னி லான்ஸ்பரி, சூசன் லாரன்ஸ்.

சூசன் லாரன்ஸ் வசதியான குடும்பத்துப் பெண். முதலில் கவுண்டி கவுன்சிலுக்கு வலதுசாரிகளின் சீர்திருத்தக் கட்சி சார்பில்தான் வந்தார். பள்ளிக்கூடங்களைப் பெருக்கும் பெண்களுக்குக் கவுன்சில் கொடுத்த கூலியைப் பார்த்த பிறகு அந்தக் கட்சியில் அவரால் இருக்க முடியவில்லை. தொழிற்கட்சிக்கு வந்துவிட்டார். எந்தக் கவுண்டி கவுன்சிலில் உறுப்பினராக இருந்தாரோ, அதே கவுன்சில் தொடுத்த வழக்கில்தான் சிறைக்குப் போனார். பிறகு 1923இல் நாடாளுமன்றத்துக்குப் போன தொழிற்கட்சியின் முதல் மூன்று பெண்களில் ஒருவரானார்.

நெல்லி கிரெஸ்ஸல் வயிற்றில் பிள்ளையோடு சிறைக்குப் போனார். அவரை மட்டும் விட்டுவிட அதிகாரிகள் அவசரப்பட்டார்கள். தனியாக வெளியே வர அவருக்கு மனமில்லை. செப்டம்பரிலேயே அவரை விடுவித்தார்கள். அவர்தான் 1943இல் பாப்லரின் முதல் பெண் மேயர் ஆனார்.

மின்னி, லான்ஸ்பரியின் மகன் எட்கரின் மனைவி. யூதக் குடும்பத்தில் பிறந்தவர், பள்ளி ஆசிரியையாக இருந்தவர், சில்வியா பாங்கர்ஸ்டோடு சேர்ந்து பெண்கள் வாக்குரிமைக்காகக் கிழக்கு லண்டனில் உழைத்தவர். அவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறைக்குள்ளே என்ன நடந்தது? மன்றக் கூட்டம் நடந்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் உள்ளே இருக்கும்போது ஊர் வேலை எப்படி நடக்கும், எனவே கூட்டத்தை இங்கேயே நடத்த விட வேண்டும் என்று கேட்டு அனுமதி வாங்கினார்கள். ஹாலோவேயிலிருந்து பெண்களை வண்டியில் பிரிக்ஸ்டனுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். இப்படி 32 கூட்டங்கள் பிரிக்ஸ்டன் சிறையில் நடந்தன. ஒவ்வொன்றுக்கும் நடவடிக்கைக் குறிப்பு எழுதப்பட்டது. மாலையில் ஊர் மக்கள் சிறைச் சுவருக்கு வெளியே கூடுவார்கள். லான்ஸ்பரி ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அவர்களிடம் பேசுவார்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. அவர்கள் கட்சியிலேயே, ஹாக்னி பரோவின் மேயரும் லண்டன் தொழிற்கட்சியின் செயலாளருமான ஹெர்பர்ட் மாரிசன் இதை ஏற்கவில்லை. ஆளத் தகுதி உள்ளவர்கள் என்று காட்ட வேண்டிய நேரத்தில் சட்டத்தை மீறினால் நம்மை யார் நம்புவார்கள் என்பது அவர் கேள்வி. ஸ்காட்லாந்தில் ஓய்விலிருந்த பிரதமர் லாயிட் ஜார்ஜைத் தேடிப் போய்ப் பேசினார்கள் மாரிசனும் மற்ற மேயர்களும். மாரிசன் சாதாரண ஆள் இல்லை. 1934இல் கவுண்டி கவுன்சிலையே தொழிற்கட்சிக்கு வென்று கொடுத்தவர் அவர்.

முதலில் படித்தபோது நான் மாரிசன் பக்கம்தான் இருந்தேன். வரி வசூலிப்பவனின் புத்தி அது. ஒரு நகராட்சி மேலே கட்ட வேண்டியதைக் கட்டாமல் நிறுத்தினால், நாளைக்குப் பணக்கார நகராட்சியும் நிறுத்தும். இந்த நூலகத்துக்கு வர வேண்டிய வரியை ஓர் உள்ளாட்சி தன் செலவுக்கு வைத்துக்கொண்டால் முதலில் சத்தம் போடுகிறவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் இரண்டையும் ஒன்றென்று சொல்ல இன்று எனக்கு மனம் வரவில்லை. பாப்லர்க்காரர்கள் வசூலித்த பணத்தைச் சத்தமில்லாமல் வேறு செலவுக்கு மாற்றவில்லை. வசூலிக்க மாட்டோம் என்று மன்றத்தில் தீர்மானம் போட்டு, பதாகையில் எழுதி, செங்கோலோடு நீதிமன்றத்துக்கு நடந்து, விளைவை உடம்பால் ஏற்றுக்கொண்டார்கள். நிலுவை வைப்பதற்கும் மறுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. பெரிய நகராட்சிகள் முதல் சிறிய பேரூராட்சி வரை நிலுவைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மறுப்பை நான் பார்த்ததில்லை.

பக்கத்து பரோக்களான ஸ்டெப்னியும் பெத்னல் கிரீனும் நாங்களும் பங்கைக் கட்டப் போவதில்லை என்று தீர்மானம் போட்டபோதுதான் அரசு அசைந்தது. ஸ்டெப்னியில் அதற்கு முந்தைய ஆண்டு மேயராக இருந்தவர் கிளமென்ட் அட்லீ. ஆமாம், 1947இல் நமக்குச் சுதந்திரச் சட்டம் கொண்டுவந்த அரசின் பிரதமர் அட்லீதான். அவர் அரசியல் கற்றது இந்தக் கிழக்கு லண்டன் தெருக்களில்.

அக்டோபர் 12 அன்று கவுன்சிலர்களை விடுவித்தார்கள். ஆறு வாரம் ஆகியிருந்தது. அவர்கள் பணியவும் இல்லை, பங்கைக் கட்டவும் இல்லை. சில வாரங்களுக்குள் நாடாளுமன்றம் ஒரு நிதிச் சட்டம் நிறைவேற்றியது. வீட்டிலிருந்தே பெறும் உதவியின் செலவும் இனிப் பொது ஏழைகள் நிதியில் சேர்ந்தது. லண்டனின் எல்லாப் பரோக்களும் தங்கள் சொத்து மதிப்புக்கு ஏற்ப அதைச் சுமந்தன. வெஸ்ட்மின்ஸ்டரின் பென்னி பாப்லரின் அடுப்புக்கு வந்தது.

1922 ஜனவரி 1 அன்று மின்னி லான்ஸ்பரி நிமோனியாவில் இறந்தார். வயது 32. சிறையில் கெட்ட உடம்பு தேறவே இல்லை என்றுதான் ஊர் நம்பியது. போ சாலையில் ஒரு கட்டிடத்தின் முகப்பில் அவர் நினைவாக ஒரு கடிகாரம் இருக்கிறது.

அந்த நான்கு பவுன் சம்பளம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். விலைவாசி இறங்கிய பிறகும் மன்றம் அதைக் குறைக்கவில்லை. மாவட்டத் தணிக்கையாளர் வந்தார். தணிக்கைத் தடை எழுதினார், நம் அலுவலகப் பேச்சில் ஆடிட் அப்ஜெக்ஷன். வெளியில் ஆட்கள் குறைந்த கூலிக்குக் கிடைக்கும்போது அதிகம் கொடுத்தது ஊர்ப் பணத்தை விரயம் செய்தது என்று 5,000 பவுனை உறுப்பினர்கள் சொந்தக் கைப்பொறுப்பாகக் கட்டச் சொன்னார். வழக்கு மேலே மேலே போய், 1925இல் பிரபுக்கள் சபை தணிக்கையாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தகுந்தது என்று கருதும் சம்பளத்தைக் கொடுக்கலாம் என்று சட்டம் மன்றத்துக்கு அதிகாரம் தந்திருந்தது. தகுந்தது என்றால் நியாயமான அளவுக்குள் இருக்க வேண்டும் என்றார்கள் நீதிபதிகள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பதையும் குற்றமாகவே பார்த்தார்கள். ராபர்ட்ஸ் எதிர் ஹாப்வுட் என்று நம் சட்டக் கல்லூரிகளில் நிர்வாகச் சட்டப் பாடத்தில் இன்றும் சொல்லித்தரும் வழக்கு இது. அதிகாரத்தை வரம்பு மீறிப் பயன்படுத்தியதற்கு எடுத்துக்காட்டு என்று மாணவர்கள் எழுதிப் போகிறார்கள். அந்த வரம்பு மீறல், ஒரு துப்புரவுப் பெண்ணின் கூலி என்பதையும் ஆசிரியர்கள் சொல்லித்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதே 1925. சென்னை. ஏப்ரல் 1ஆம் தேதி. அதற்கு நாலரை ஆண்டுகளுக்கு முன், 1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டிருந்தது. ஆயிரம் விளக்கில் இருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதியச் சிற்றுண்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல். பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். பிறகு மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவை எடுக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு தடுத்ததால் அந்த ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி தொடங்க முடிந்தது.

பாப்லர் மன்றத்தாரும் தியாகராயர் மன்றத்தாரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை. கொள்கையிலும் வெகு தொலைவு. இவர் செல்வந்தர், நீதிக்கட்சித் தலைவர். அவர்கள் மூட்டை சுமந்தவர்கள். ஆனால் இரண்டு இடத்திலும் கோப்பில் எழுதப்பட்ட தடை ஒன்றுபோலத்தான் இருந்தது: இந்தச் செலவுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அந்த அம்மா திண்ணையில் கேட்டபோது நான் சொன்ன பதிலும் ஏறக்குறைய அதுதான். விளக்குக் கம்பம் வேறு தலைப்பு, சாக்கடை வேறு தலைப்பு, உங்கள் வரி வேறு தலைப்பு என்று.

அந்தத் தெருவுக்கு நான்கு வருடம் கழித்து விளக்கு வந்தது. வார்டு உறுப்பினராக வந்த ஒரு நெசவாளர் மன்றக் கூட்டத்தில் மூன்று முறை எழுந்து நின்று கேட்டு வாங்கினார். அந்தக் கூட்டங்களில் ஒன்றில் பதிவேட்டோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன், அதனால் தெரியும். விளக்கு வந்தபோது இட்லிக் கடை இருந்தது. அந்த அம்மாவும் இருந்தார்.

நூலகம் மூட இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். சொத்து வரிச் சீராய்வு பற்றிக் கேட்டாலும் சொல்கிறேன்.